செமாராங்கில் பிறந்த மருத்துவர் வரைந்த இதயக் கோடு

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்த நாளிலிருந்து, அறிவியல் பிரிவு மாணவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். மருத்துவமா, பொறியியலா? எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்கு ஓர் ஆசை, எனக்கு ஓர் ஆசை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனால் அங்கேயும் அதே கேள்வி. இரண்டும் வெவ்வேறு ஊருக்குப் போகும் பேருந்துகள், ஒன்றில் ஏறினால் மற்றொன்றை மறந்துவிட வேண்டும் என்பதுபோல் எல்லாரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சென்ற ஆண்டு, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு நண்பனின் இதயத் துடிப்பை முதன்முறையாகக் கணினித் திரையில் பார்த்தேன். வலக்கையில் சிவப்பு, இடக்கையில் மஞ்சள், இடக்காலில் பச்சை, வலக்காலில் கறுப்பு என்று நான்கு மின்முனைகளைப் பொருத்தினோம். அவன் கையை இறுக்கி மூடினால் கோடு நடுங்கியது. சிரித்தாலும் நடுங்கியது. அமைதியாகப் படுத்த பிறகுதான் ஒரு சிறு மேடு, ஓர் உயரமான கூர்முனை, மீண்டும் ஒரு மேடு என்று கோடு சீராக ஓடியது. மருத்துவமனையில் நாம் எல்லாரும் பார்த்திருக்கும் இ.சி.ஜி. கோடு அது.

இந்தக் கோட்டை இவ்வளவு துல்லியமாக முதலில் வரைந்து காட்டியவர் யார் என்று தேடியபோதுதான் வில்லெம் எய்ந்தோவனின் வாழ்க்கையைப் படித்தேன். அவர் மருத்துவம் படித்தவர். தமக்குத் தேவையான கருவி உலகில் இல்லை என்று தெரிந்ததும், அதை உருவாக்குவதற்கான கணிதத்தையும் பொறியியலையும் தாமே கற்றுக்கொண்டவர். அவர் பிறந்த ஊரும் நமக்குத் தொலைவில் இல்லை. சிங்கப்பூருக்குத் தெற்கே கடலைக் கடந்தால் வரும் ஜாவாத் தீவில்தான் பிறந்தார்.

ஜாவாவில் தொடக்கம்

எய்ந்தோவன் 1860 மே 21ஆம் நாள் ஜாவாவின் வடகரையிலுள்ள செமாராங் துறைமுக நகரில் பிறந்தார். அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. தந்தை ஜேக்கப் ராணுவ மருத்துவராக ஜாவாவுக்கு வந்து, பிறகு செமாராங்கிலேயே நகர மருத்துவராகப் பணியாற்றியவர். ஆறு பிள்ளைகளில் எய்ந்தோவன் மூன்றாமவர். ஆண் பிள்ளைகளில் மூத்தவர்.

அவருக்கு ஆறு வயதானபோது தந்தை காலமானார். அதன் பின் நான்கு ஆண்டுகள் தாய் அங்கேயே பிள்ளைகளை வளர்த்தார். 1870இல் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் குடியேறினார்.

தந்தையைப் போலவே மருத்துவராகி ஜாவாவுக்குத் திரும்புவதுதான் எய்ந்தோவனின் திட்டம். 1878இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். குடும்பத்தில் வசதி குறைவு. அதனால் படிப்பு முடிந்ததும் கிழக்கிந்தியத் தீவுகளில் ராணுவ மருத்துவராகப் பணிபுரிய ஒப்புக்கொண்டே படித்தார். இன்று உபகாரச் சம்பளம் பெற்று, படித்து முடித்த பின் சில ஆண்டுகள் சேவை செய்யக் கையெழுத்திடும் மாணவர்களுக்கு அந்த நிலைமை நன்றாகப் புரியும்.

உடைந்த மணிக்கட்டு

படிப்பில் மட்டுமல்ல, விளையாட்டிலும் அவர் தீவிரமாக இருந்தார். உடற்பயிற்சி, வாள்வீச்சுக் கழகத்தின் தலைவராக இருந்தார். உத்ரெக்ட் மாணவர்களின் படகோட்டும் கழகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒருமுறை விளையாட்டின்போது அவருடைய மணிக்கட்டு உடைந்தது. கட்டுப்போட்ட கையுடன் ஓய்வில் இருந்த நாள்களில் அவருடைய கவனம் அந்தக் கையின் மீதே சென்றது. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது முழங்கையும் தோளும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயத் தொடங்கினார். 1882இல் முழங்கை மூட்டின் இயக்கம் பற்றி அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. உடலை ஓர் இயந்திரமாகப் பார்க்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே அவரிடம் இருந்தது.

அடுத்து அவர் கண்ணைப் பற்றி ஆராய்ந்தார். கண் மருத்துவமனையில் ஸ்னெல்லனிடம் உதவியாளராக இருந்தார். கண் பரிசோதனைக்குப் போகும்போது பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துவரை வாசிக்கச் சொல்வார்களே, அந்த அட்டையை உருவாக்கியவர்தான் ஸ்னெல்லன். புகழ்பெற்ற உடலியங்கியல் பேராசிரியர் டொண்டர்ஸின் வழிகாட்டலில், நிற வேறுபாட்டால் ஒரு பொருள் அருகிலோ தொலைவிலோ இருப்பதுபோல் ஏன் தோன்றுகிறது என்று ஆராய்ந்து 1885இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வுக்குக் கண்ணின் அமைப்பும் தெரிய வேண்டும், ஒளி வளையும் விதமும் தெரிய வேண்டும்.

அதே ஆண்டில் அவருடைய வாழ்க்கைப் பாதை மாறியது. லெய்டன் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராக நியமித்தது. அப்போது அவருக்கு வயது 25. மருத்துவராகத் தகுதிபெறும் இறுதித் தேர்வையும் முடித்துவிட்டு 1886இல் பணியில் சேர்ந்தார். ஜாவாவுக்குத் திரும்பும் திட்டம் நின்றுபோனது. இறக்கும்வரை, 41 ஆண்டுகள், லெய்டனிலேயே பணியாற்றினார்.

தாமதமாக நகர்ந்த பாதரசம்

அக்காலத்தில் இதயத்தைச் சோதிக்க மருத்துவர்கள் பெரும்பாலும் நாடியைத் தொட்டுப் பார்த்தார்கள். காதுக்குழாயை வைத்துக் கேட்டார்கள். இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் உடலின் மேற்பரப்புக்கு வரும்போது அது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்தான். நாம் கடிகாரத்தில் போடும் சிறிய பேட்டரியின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். அதில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு! அந்தச் சிறிய மின்சாரமும் ஒரு விநாடிக்குள் ஏறி இறங்கி, மீண்டும் ஏறி முடிந்துவிடும்.

1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்ற உடலியங்கியல் அறிஞர் மனித இதயத்தின் மின்சாரத்தை உடலைத் திறக்காமலேயே பதிவுசெய்தார். 1889இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த மாநாட்டில் அவர் அதைச் செய்து காட்டியபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எய்ந்தோவனும் ஒருவர். வாலர் பயன்படுத்தியது ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். அதற்குள் பாதரசம் இருக்கும். அதன் மேல் கந்தக அமிலம் இருக்கும். மின்சாரம் வந்தால் பாதரசத்தின் விளிம்பு சற்று நகரும். அந்த அசைவைப் படம் பிடிப்பார்கள்.

பாதரசம் கனமானது என்பதுதான் சிக்கல். இதயத்தின் மின்சாரம் விரைந்து ஏறி இறங்கும். பாதரசமோ பின்தங்கியே நகரும். ஆகவே படத்தில் தெரிந்தது இதயத்தின் கோடு அன்று, பாதரசத்தின் சோம்பலும் கலந்த கோடு. போதாக்குறைக்கு, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கல் பாவிய தெருவில் குதிரை வண்டி போனாலும் கோடு ஆடியது. இந்த முறை மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே எதிர்பார்க்கவில்லை.

எய்ந்தோவன் விட்டுவிடவில்லை. பாதரசம் எவ்வளவு பின்தங்குகிறது என்று தெரிந்தால், உண்மையான கோட்டைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் சரிவு எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதைக்கொண்டு அந்த இடத்தில் உண்மையில் இருந்திருக்க வேண்டிய மின்னழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். கூடுதல் கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு இது உடனே புரியும். நீங்கள் படிக்கும் வகையீடுதான் அது.

மருத்துவப் படிப்பில் அவர் இந்தக் கணிதத்தைக் கற்றிருக்கவில்லை. பேராசிரியரான பிறகுதான் உயர்கணிதத்தையும் இயற்பியலையும் சொந்த முயற்சியால் கற்றார். அதே லெய்டனில் அப்போது இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவர் லாரன்ஸ்; பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மேதை. எய்ந்தோவனின் சகோதரியை மணந்த யூலியஸும் ஓர் இயற்பியலாளர். கேட்டுத் தெளிய ஆள் இருந்தார்கள். ஆனால் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியவர் அவர்தான்.

1895இல் திருத்தப்பட்ட கோட்டை அவர் வெளியிட்டார். கருவி காட்டிய பழைய கோட்டின் வளைவுகளுக்கு ஆங்கில அரிச்சுவடியின் முதல் நான்கு எழுத்துகளைக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகப் புதிய கோட்டின் வளைவுகளுக்கு அரிச்சுவடியின் பிற்பகுதியில் தொடர்ந்து வரும் ஐந்து எழுத்துகளை எடுத்துக்கொண்டார். பி, கியூ, ஆர், எஸ், டி. முதல் மேடு இதயத்தின் மேலறைகள் தூண்டப்படுவதைக் காட்டும். நடுவிலுள்ள கூர்முனை கீழறைகளுக்கு உரியது. கடைசி மேடு கீழறைகள் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டும். இன்று உலகில் எந்த நாட்டு மருத்துவக் கல்லூரியிலும் மாணவர்கள் இந்த ஐந்து எழுத்துகளைத்தான் படிக்கிறார்கள்.

முடியைவிட மெல்லிய இழை

ஒவ்வொரு நோயாளிக்கும் உட்கார்ந்து நீண்ட கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. உண்மையான கோட்டைத் தானே வரையும் ஒரு கருவி வேண்டும். அது எங்கும் விற்பனைக்கு இல்லை.

காந்தப் புலத்தில் வைத்த கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி நகரும். படிவம் ஐந்தில் ஃபிளெமிங்கின் இடக்கை விதி என்று படிக்கிறோமே, அதுவேதான். அக்கால மின்னளவிகளில் பெரும்பாலும் கம்பிச் சுருளைப் பயன்படுத்தினார்கள். சுருளுக்கு எடை உண்டு; எடை இருந்தால் தாமதமும் உண்டு. எய்ந்தோவன் சுருளையே எடுத்துவிட்டார். அதன் இடத்தில் ஒரே ஓர் இழையை வைத்தார். குவார்ட்ஸை உருக்கி மிக மெல்லிய நூலாக இழுத்து, அதன்மேல் வெள்ளி பூசிய இழை. அதன் தடிமன் ஏறக்குறைய இரண்டு மைக்ரோமீட்டர். நம் தலைமுடியை நீளவாக்கில் முப்பது கீற்றாகக் கிழிக்க முடிந்தால் ஒரு கீற்று அவ்வளவு இருக்கும்.

அந்த இழையை வலிமையான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். காந்த முனைகளில் துளையிட்டு, அதன் வழியே ஒளியைச் செலுத்தினார். இழையின் நிழல் பல நூறு மடங்கு பெரிதாகி, நகரும் புகைப்படத் தகட்டின்மேல் விழுந்தது. இழையை இறுக்கினால் அது விரைவாக அசையும்; ஆனால் அசைவு சிறியதாகிவிடும். தளர்த்தினால் அசைவு பெரியதாகும். ஆனால் வேகம் குறையும். எந்த அளவு இறுக்குவது? ஒன்றைப் பெற இன்னொன்றில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் இந்த வேலையைத்தான் பொறியாளர்கள் இன்றும் செய்கிறார்கள். இதயத்தின் கோட்டில் எந்த நுணுக்கத்தை இழக்கக் கூடாது என்று எய்ந்தோவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்த முடிவை அவரால் சரியாக எடுக்க முடிந்தது.

இதே போன்ற கருத்தில் பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமோன் அடேர், கடலடித் தந்திக்காக 1897இலேயே ஒரு கருவி செய்திருந்தார். அதில் இருந்தது சாதாரணக் கம்பி. இதயத்தின் மின்சாரத்தை அளக்கும் நுண்மை எய்ந்தோவனின் இழைக்குத்தான் இருந்தது. 1901இல் தம் இழை மின்னளவியைப் பற்றி முதன்முதலில் எழுதினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதைக்கொண்டு எடுத்த இதயக் கோடுகளை வெளியிட்டார்.

என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். புதிய கருவி வரைந்த கோட்டை, 1895இல் கணக்குப் போட்டுத் தாம் பெற்ற கோட்டுக்கு அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. தாளில் போட்ட கணக்கு சரி என்று கருவி சொன்னது; கருவி சரி என்று கணக்கு சொன்னது. பாசல் மாநாட்டிலிருந்து அங்கே வந்து சேர அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பி

கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோகிராம். அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். மின்காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சோதிக்கப்படுபவர் இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர் நிரப்பிய பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். இன்று நாம் ஒட்டும் மின்முனைகளின் வேலையை அந்த உப்புநீர் செய்தது.

நோயாளிகள் இருந்ததோ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனையில். கருவியைத் தூக்கிச் செல்ல வழியில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வரவும் முடியாது. ஆகவே 1905இல், தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதய மின்சாரத்தையே ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். தொலைமருத்துவம் என்ற சொல் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த தொலைமருத்துவம் அது. 1906இல் வெளியிட்ட கட்டுரையில், இதய அறை தடித்துப்போனவர்கள், முறை தவறித் துடிக்கும் இதயம் உள்ளவர்கள், மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போகாமல் தடைப்பட்டவர்கள் ஆகியோரின் கோடுகளைக் காட்டினார். காதுக்குக் கேட்காத கோளாறுகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன.

இரு கைகள், இடக்கால் ஆகிய மூன்று இடங்களையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளாகவும், இதயத்தை அதன் நடுவிலும் அவர் கருதினார். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இதயத்தைப் பார்த்தால் மூன்று வெவ்வேறு கோடுகள் கிடைக்கும். அவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் இரண்டாவது வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. 1912, 1913ஆம் ஆண்டுகளில் அவர் விளக்கிய இந்த முக்கோணம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒட்டிய சிவப்பு, மஞ்சள், பச்சை மின்முனைகள் அந்த முக்கோணத்தின் மூன்று முனைகள்தாம்.

தனி ஒருவராக அல்ல

எய்ந்தோவன் எல்லாவற்றையும் தாமே செய்தார் என்று நினைத்துவிடக் கூடாது. கருவியைப் பல நாடுகளுக்கும் கொண்டு சேர்த்தவர்கள் உற்பத்தியாளர்கள். ஜெர்மனியில் எடெல்மன் நிறுவனம் தயாரித்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனம் தயாரித்தது. இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹோரஸ் டார்வின், பரிணாமக் கொள்கையைத் தந்த சார்ல்ஸ் டார்வினின் மகன். 1911இல் மேசை அளவுக்குச் சுருங்கிய கருவி வந்தது. அதைக்கொண்டு நோயாளிகளிடம் இதயத் துடிப்புக் கோளாறுகளை விரிவாக ஆராய்ந்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ். அவருடைய பணி இல்லாவிட்டால் தம் கருவி மருத்துவத்தில் இந்த இடத்தைப் பெற்றிருக்காது என்பதை எய்ந்தோவன் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார்.

1924இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் அமெரிக்காவில் விரிவுரைப் பயணத்தில் இருந்தார். பரிசுப் பணம் கைக்கு வந்ததும், பல ஆண்டுகள் தம்முடன் கருவி செய்ய உழைத்த ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளரை அவர் தேடியதாகவும், அவர் ஏற்கெனவே இறந்துவிட்டதை அறிந்து, வறுமையில் இருந்த அவருடைய இரு சகோதரிகளுக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. 1927 செப்டம்பரில் எய்ந்தோவன் லெய்டனில் காலமானார். அவருக்கு வயது 67.

அவருடைய பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகன் வில்லெம் மின்பொறியாளர். மகள் ஜோஹன்னா மருத்துவர். மகன், தந்தையின் கருவியை மேம்படுத்தி, இழையை வெற்றிடத்தில் இயங்கும்படி செய்தார். தந்தையும் மகனும் சேர்ந்து அந்த இழையை வைத்தே ஜாவாவிலிருந்து வந்த வானொலித் தந்திச் செய்திகளைப் பதிவுசெய்தார்கள். பின்னர் மகன் ஜாவாவின் பண்டுங் நகரிலுள்ள வானொலி ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். மருத்துவராகத் திரும்ப நினைத்த தந்தை திரும்பவில்லை. பொறியாளரான மகன் திரும்பினார்.

நமக்கு என்ன?

இன்று இந்த இரு துறைகளையும் இணைத்துப் படிக்க வழிகள் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களிலும் உயிர்மருத்துவப் பொறியியல் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பட்டம் பெற்றவர் மருத்துவர் ஆகிவிட மாட்டார்; நோயாளிக்கு மருந்து எழுதித் தர முடியாது. மருத்துவராக வேண்டுமானால் மருத்துவப் பட்டம் தனியாக வேண்டும். சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி போன்ற இடங்களில் வேறு துறையில் பட்டம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். பொறியியல் படித்தவர்களுக்கும் அது பொருந்தும். ஆண்டுகளும் செலவும் கூடும் என்பதையும் பெற்றோருடன் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

எய்ந்தோவன் இரண்டு பட்டங்களுக்கு ஆசைப்படவில்லை. இதயம் துடிக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று அறிய ஆசைப்பட்டார். அதற்கு மருத்துவம் மட்டும் போதவில்லை. மற்றொன்று என் துறையன்று என்று ஒதுங்காமல், பேராசிரியர் என்ற பட்டத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, மீண்டும் மாணவராகக் கணிதம் கற்றார். முதலில் ஒன்றை ஆழமாகக் கற்றதால்தான், இன்னொன்று ஏன் தேவை என்பதே அவருக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ஆண்டுதோறும் உடற்பரிசோதனைக்குச் சென்று அவர் கொண்டுவரும் இ.சி.ஜி. தாளை எடுத்து மேசையில் விரித்தார். சிறு கட்டங்களை எண்ணிக் காட்டினேன். தாள் ஒரு விநாடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும். ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கோடு 10 மில்லிமீட்டர் உயரும். அந்த அளவுகளும் எய்ந்தோவன் காலத்திலிருந்து வருபவைதாம். அப்பா தம் இதயத்தின் கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவம்தான் படிக்கப் போகிறேன், கூடுதல் கணிதம் எனக்கு எதற்கு என்று கேட்கும் தம்பி தங்கைகளே, அந்தப் புத்தகத்தை இப்போதே மூடிவிடாதீர்கள். எய்ந்தோவன் அதைப் பேராசிரியரான பிறகு திறந்தார். உங்களுக்கு இன்னும் முன்னதாகவே வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.